வேர் சுனாபட்டியில், குலை ஜெர்மனியில்

எங்கள் சமையலறைக் கூரையிலிருந்து ஜெர்மனி சொட்டிக்கொண்டிருந்தது. மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். பம்பாய் சுனாபட்டியில் நாங்கள் அப்போது குடியிருந்த கட்டடத்தில் கடைசி மாடி எங்களுடையது. அதற்கு மேல் மொட்டை மாடி. அந்த மொட்டை மாடியில், என் கேஸ் அடுப்புக்கு நேர் மேலே, எதிர்வீட்டு அண்ணாச்சியின் திராட்சைத் தோட்டம் இருந்தது. சாதாரணத் தோட்டம் இல்லை, குளிர்ப் பிரதேசத் தோட்டம். ரசத்துக்கு நான் கடுகு தாளிக்கிற நேரம் பார்த்து மேலிருந்து ஒரு சொட்டு எண்ணெயில் விழுந்து படார் என்று வெடிக்கும். துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டுவேன். மேலேயிருந்து குரல் வரும்.

“யம்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ. குளிரு எறங்குது!”

குளிர் எங்கே இறங்கியது? ஃப்ரிட்ஜ் தண்ணீர்தான் இறங்கியது.

சண்டை போடுவதற்காக முதல் தடவை மாடிக்குப் போனேன். போட வந்த சண்டை மறந்துபோயிற்று. தகரக் கொட்டகைக்குக் கீழே ஆறு பழைய ஃப்ரிட்ஜுகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம், டிரம்மில் மண், மண்ணில் திராட்சைக் கொடி. கொடி பந்தலில் ஏறிப் படர்ந்து, திரும்பிக் கீழே வந்து, ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் போட்டிருந்த ஓட்டை வழியாக உள்ளே போயிற்று. குளிர் கசியாமல் இருக்க ஓட்டையைச் சுற்றி சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தார். கதவைத் திறந்து காட்டினார். முட்டை வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைக் குலை தொங்கிக்கொண்டிருந்தது. கதவை மூடினால் உள்விளக்கு அணைந்துவிடும் இல்லையா? அணையாதபடி சுவிட்சில் டேப் சுற்றியிருந்தார். அதுதான் வெயில்.

“வேர் சுனாபட்டியில, குலை ஜெர்மனியில. எப்பிடி?” என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

கீழ்த்தட்டில், நான் அக்கா என்று கூப்பிடுகிற அவர் மனைவியின் தயிர்ப் பாத்திரம் இருந்தது. ஜெர்மனியில் இடம் வீணாகக் கூடாதாம்.

முகத்தைப் பார்ப்பது அவருக்கு ஒரு வியாதி. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. தாராவியில் அவருக்கு ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை இருந்தது. அங்கே எல்லோருக்கும் அவர் ‘கூலிங் அண்ணாச்சி’. ஃப்ரிட்ஜைச் சரி பண்ணி முடித்ததும், உள்ளே கையை விட்டுக் குளிர்கிறதா என்று அவர் பார்க்க மாட்டார். வீட்டுக்காரரைக் கையை விடச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முகம் மலர்ந்தால் டூல்பாக்ஸை மூடுவார். மலராவிட்டால் மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவார். சாம்பாரில் உப்பு போதுமா என்பதைக்கூட, அக்கா முதல் கவளம் சாப்பிடும்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். தனக்கென்று ஒரு நாக்கு இருப்பதே அந்த மனிதருக்கு மறந்துபோயிருந்தது.

“நாக்கு ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு மாதிரிம்மா. மூஞ்சி பொய் சொல்லாது” என்பார்.

ஐயோ பாவம். நாங்களெல்லாம் அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டுதானே அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம்.

இத்தனை கூத்துக்கும் காரணத்தை அக்காதான் எனக்குச் சொன்னார். அவர்களுக்கு ஒரே மகள். ஜெர்மனிக்குப் படிக்கப் போனவள், அங்கேயே வேலை பார்த்து, ஒரு ஜெர்மன் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் வீட்டுக்குத் தொழில் திராட்சையும் ஒயினும். மாதுங்கா கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு அறுவடைக் காலம் என்று சம்பந்திகளால் வர முடியவில்லை. அதனால் அண்ணாச்சியும் அக்காவும் அங்கே போனார்கள். ஆடுகூட ஏறத் தயங்குகிற மலைச்சரிவில், சம்பந்தியும் அவர் மனைவியும் பிள்ளைகளும் தாங்களே குனிந்து வேலை செய்வதைப் பார்த்து அண்ணாச்சிக்கு அவர்கள்மேல் ஒரே மரியாதை. மதியச் சாப்பாட்டில் சம்பந்தி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். மகன் பிறந்த வருடத்து ஒயின். மருமகளின் அப்பா வரும் நாளுக்காக எடுத்து வைத்தது. அண்ணாச்சி முன்னால் கண்ணாடி கிளாஸை வைத்தார்.

அண்ணாச்சி உள்ளங்கையால் கிளாஸை மூடிவிட்டார்.

பாஷை தெரியாது, என்ன சொல்வது என்றும் தெரியவில்லை, கை தானாகப் போய் மூடிக்கொண்டது. சம்பந்தி கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தார். பாட்டிலைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வீட்டில் அப்படிக் கையால் மூடினால், உங்கள் உறவே வேண்டாம் என்று அர்த்தமாம். மகள் பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று அழுதாளாம். அதற்குப் பிறகு வீடியோ காலில் அண்ணாச்சி தெரிந்தால் சம்பந்தி கையை ஒரு தடவை தூக்கிக் காட்டிவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார்.

“ஒரு வாய் குடிச்சிருக்கலாமே அக்கா? மரியாதைக்கு?” என்றேன்.

“எப்பிடிக் குடிக்க? நேந்துகிட்டவியல்லா” என்றார் அக்கா.

கல்யாணமாகி ரொம்ப வருடம் இவர்களுக்குக் குழந்தை இல்லை. திருச்செந்தூரில் கடலில் நின்றுகொண்டு, பிள்ளை பிறந்தால் ஆயுசுக்கும் குடியைத் தொட மாட்டேன் என்று அண்ணாச்சி நேர்ந்துகொண்டார். மகள் பிறந்தாள்.

“அதுக்கு முன்னாடி அண்ணாச்சி குடிப்பாரா?”

“எங்க? சோடா குடிச்சாலே இவியளுக்கு விக்கும்.”

குடிக்கவே தெரியாத மனிதர் குடியை விட்டுவிடுவதாகச் சொல்லி ஒரு பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். முருகன் அன்றைக்கு ஏதோ கூட்டத்தில் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும்.

“இதை மககிட்ட சொன்னா அவ மாமனாருக்கு எடுத்துச் சொல்லுவாளே?” என்று ஒரு நாள் அண்ணாச்சியிடமே கேட்டேன்.

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “என்னன்னு சொல்லச் சொல்லுத? நீ பொறக்கணும்னு நான் நேந்துகிட்டதாலதான் ஒன் மாமியா வீட்டுல ஒனக்குத் தலகுனிவாப் போச்சுன்னா? புள்ளைட்ட சொல்லுத பேச்சா அது?”

அதனால்தான் தோட்டம். அவர் ஊற்ற வந்ததை நான் தட்டினேன், இனி நான் என் கையால் செய்து ஊற்றி அவர் குடிக்க வேண்டும், அப்போதுதான் என் மகள் அந்த வீட்டில் நிமிர்ந்து நடப்பாள். இதுதான் அண்ணாச்சியின் கணக்கு. நாசிக்கில் இல்லாத ஒயினா, ஒரு நல்ல பாட்டிலாக வாங்கி வைத்துவிடுங்களேன் என்று என் கணவர் சொன்னதற்கு, “கடைச் சரக்க சம்பந்திக்கு ஊத்தவா? அங்க குடும்பமே மண்ணு கொத்துது வே” என்று சொல்லிவிட்டார். நாசிக்கிலிருந்து கன்றுகளை மட்டும் ரயிலில் கொண்டுவந்தார். அந்த ஊர் குளிர் போதாதாம். குளிருக்கு அவரிடமா பஞ்சம்? ரிப்பேருக்கு வந்து யாரும் திரும்ப வாங்க வராத ஃப்ரிட்ஜுகள் கடை நிறைய இருந்தன. அக்காவின் தம்பி அவற்றை முதுகில் கட்டி மாடிக்கு ஏற்றினார். அக்கா டிரம்மில் மண் நிரப்பினார். குடும்பத் தொழில் ஆரம்பமாயிற்று.

ஃப்ரிட்ஜுக்குள் தொங்குகிற திராட்சை பழுக்குமா? பச்சைக் கோலிக்குண்டு போலக் கல்லாக நின்றது. “குளிருல அப்பிடித்தான், நின்னு நிதானமா வரும்” என்றார் அண்ணாச்சி. அளவு போதாமல் மாதுங்கா மார்க்கெட்டில் கறுப்புத் திராட்சை வாங்கி வந்தார். அதையும் சும்மா சேர்க்கவில்லை. ஒரு வாரம் ஃப்ரிட்ஜில் தங்கவைத்து, ஜெர்மன் குடியுரிமை வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பிழிந்தார்.

புளிக்க வைப்பதில்தான் பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதற்கென்று ஈஸ்ட் விற்கிறார்கள் என்று மகள் போனில் சொல்லிப் பார்த்தாள். அண்ணாச்சி கேட்கவில்லை. புளிக்க வேண்டும், அவ்வளவுதானே? நம் வீட்டில் தினமும் புளிக்கிற வஸ்து எது? அக்காவின் இட்லி மாவில் ஒரு கரண்டி எடுத்து ஜாடியில் விட்டார். உளுந்து அதிகமாக விட்டால் நுரை அதிகம், வெந்தயம் போட்டால் நிறம் நன்றாக வருகிறது என்றெல்லாம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். போதாக்குறைக்கு ஆறு ஃப்ரிட்ஜில் ஒன்று, சயானில் மீன் விற்கிற அம்மாவிடமிருந்து வந்தது. எத்தனை தடவை சோடா உப்பு போட்டுக் கழுவினாலும் அதற்குப் பழைய ஞாபகம் போகவில்லை.

ஆகமொத்தம் அந்த ஒயினில் முதலில் புளித்த மாவு வரும். பிறகு பல்லைக் கூசவைக்கிற பச்சைத் திராட்சை. எல்லாம் முடிந்து மூச்சு விடும்போது, எங்கேயோ தூரத்தில் ஒரு வாவல் மீன்.

முதலில் குடித்தவர் என் கணவர். எவர்சில்வர் டம்ளரில் அக்கா ஊற்றிக் கொடுத்தார், அண்ணாச்சி எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார். என் கணவர் உண்மையான மனிதர், முகம் உள்ளபடி கோணிக்கொண்டது. அண்ணாச்சி எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“தங்கச்சி, ஒங்க வீட்டுக்காரர ஒரு எட்டு வந்து சிரிச்சிட்டுப் போகச் சொல்லு. இவிய நேத்துலேருந்து சாப்பிட மாட்டேங்காவ. சம்பந்தி மூஞ்சியும் இப்பிடித்தான் போவும்னு சொல்லிச் சொல்லிப் பொலம்புதாவ. கடையும் தொறக்கல.”

வேறு வழியில்லை, என் கணவர் போய் இன்னொரு டம்ளர் குடித்துவிட்டுச் சிரித்தார். அண்ணாச்சி அன்று மூன்று தட்டு சோறு சாப்பிட்டார்.

செய்தி கட்டடம் முழுவதும் பரவியது. அதற்குப் பிறகு எங்களில் யாரும் உண்மையான முகத்தோடு அந்த வீட்டுக்குள் போகவில்லை. நான் குளியலறைக் கண்ணாடி முன்னால் பழகினேன். விழுங்கும்போது கண்ணை மூட வேண்டும், மூடியது ரசிப்பதுபோல இருக்க வேண்டும், திறக்கும்போது புருவத்தைத் தூக்க வேண்டும். இதில் ஒரு ஆபத்து இருந்தது. முகம் மலர்ந்துவிட்டால் அண்ணாச்சி அக்காவைத் திரும்பிப் பார்த்து, “நல்லாருக்குல்லா? இன்னொரு டம்ளர் ஊத்து” என்பார். அவர்கள் ஊர் வழக்கத்தில் நன்றாக இருக்கிறது என்று சொன்னவர் இரண்டாவது முறை வாங்காமல் எழுந்தால், முதலில் சொன்னது பொய் என்று ஆகிவிடும். ஆகவே எல்லோரும் இரண்டு டம்ளர் குடித்தோம்.

ஆண்கள் சாமர்த்தியசாலிகள். அந்த வருடம் எங்கள் கட்டடத்தில் சித்திரை மாதத்திலேயே சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டார்கள். கார்த்திகைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறதே என்று கேட்டால், இந்தத் தடவை விரதம் கொஞ்சம் நீளம் என்றார்கள். மூன்றாம் மாடி மராத்திக்காரர்கூட எங்கிருந்தோ ஒரு துளசி மணி மாலை வாங்கிப் போட்டுக்கொண்டு, “சாமி சரணம்” என்று சொல்லிவிட்டு வேகமாகப் படியிறங்கிப் போனார். மாட்டிக்கொண்டது பெண்கள்தான்.

இப்படி எழுதுவதால் நாங்கள் அவரை வெறுமனே சகித்துக்கொண்டோம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மே மாத மதியம், லோடு தாங்காமல் கட்டடத்தின் ஃபியூஸ் போய்விட்டது. மொட்டை மாடியில் அனல் அடித்தது. அண்ணாச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, படிக்கட்டில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டினார்.

“யம்மா, ஜெர்மனி சூடாவுது! ஐஸ் இருந்தாக் குடும்மா!”

நான் கத்தியிருக்க வேண்டும். உங்கள் ஜெர்மனியால்தானே என் வீட்டு மின்விசிறி நின்றுபோயிற்று என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் ஃப்ரீஸரிலிருந்த ஐஸ் டிரேயை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். எனக்கு முன்னால் மூன்றாம் மாடி மராத்திக்காரர், துளசி மாலையோடு, ஒரு குக்கர் நிறைய ஐஸைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். கீழே குல்ஃபி விற்கிறவர் விஷயம் என்னவென்று கேட்டார். “அங்கிள் கா அங்கூர் மர் ரஹா ஹை”, அங்கிளின் திராட்சை சாகிறது, என்று யாரோ சொல்ல, அவர் பானையிலிருந்த உப்பு ஐஸை அப்படியே கொடுத்தனுப்பினார். எல்லோரும் ஆறு ஃப்ரிட்ஜுக்குள் ஐஸை அடுக்கினோம். அண்ணாச்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அந்த ஒரு நாள் நாங்கள் யாரும் நடிக்கவில்லை.

பேரனுக்குக் காது குத்து என்று சொல்லி, ஒருவழியாகச் சம்பந்தியை மகள் பம்பாய்க்கு அழைத்து வந்தாள். உயரமான, வெயிலில் சிவந்த மனிதர். பெரிய கைகள், நகத்துக்குள் மண். அவரை மாதுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கோயிலில் காது குத்தை முடித்து, கிங்ஸ் சர்க்கிளில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அண்ணாச்சி வீட்டுக் கூடத்தில் கட்டடமே கூடியிருந்தது. பெண்கள் சுவர் ஓரம், மாலை போட்ட ஆண்கள் வாசலில். நாங்கள் நடித்துப் பழகியவர்கள். இந்த மனிதர் பழகாதவர், பரம்பரையாக ஒயின் செய்கிறவர். அந்த முகம் கோணினால் அண்ணாச்சி மறுபடி சாப்பிடுவாரா? அந்தப் பெண் மறுபடி அந்த வீட்டில் போய் எப்படி இருப்பாள்?

அண்ணாச்சி புதிதாக வாங்கிய கண்ணாடி கிளாஸை, விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல், சம்பந்தி முன்னால் வைத்தார். ஜாடியைத் தானே சாய்த்து ஊற்றினார். எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து முகத்தைப் பார்த்தார்.

சம்பந்தி மெதுவாகக் கையை நீட்டி, உள்ளங்கையால் கிளாஸை மூடினார்.

மகள் பதறிப்போய் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டாள்.

“அப்பா, அப்பா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவருக்கு ஹார்ட் ஆபரேஷன் ஆச்சுப்பா. டாக்டர் ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாதுன்னுட்டாரு. நீங்க ஃப்ரிட்ஜு ஃப்ரிட்ஜா வச்சிருக்கீங்கன்னு அம்மா சொன்னப்பறம் எனக்குச் சொல்ல வாய் வரலப்பா.”

அண்ணாச்சி அந்தக் கையையே பார்த்தார். ஆறு ஃப்ரிட்ஜும் மாவும் ஐஸும் அந்தக் கைக்குக் கீழே மூடிக் கிடந்தன. அவர் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் ஜாடியைப் பார்த்தேன்.

பிறகு எழுந்தார். சுவரில் தொங்கிய முருகன் காலண்டரிடம் போய், கன்னத்தில் போட்டுக்கொண்டு, காலண்டரைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினார். “ஏங்க, வேண்டாம்” என்றார் அக்கா. அவர் கேட்கவில்லை. சம்பந்தியின் கையை மெல்ல விலக்கிவிட்டு, கிளாஸை எடுத்தார்.

“அவரால குடிக்க முடியாட்டா என்ன? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லச் சொல்லு” என்று மகளிடம் சொல்லிவிட்டு, ஒரே மூச்சில் குடித்தார்.

கண் பிதுங்கியது. மூக்கு விடைத்தது. உதடு ஒரு பக்கமும் தாடை ஒரு பக்கமும் போயின. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்து, கடைசியில் விழுங்கிவிட்டு, அப்படியே திரும்பி எங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார்.

“அட பாவியளா! இதயா ரெண்டு ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சிய?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்றாம் மாடிக்காரர் மாலையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டார். அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டார்.

சம்பந்தி எழுந்து தன் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார். “அந்த பாட்டில்தான்பா” என்றாள் மகள். திருகி, மூடியைப் பிடுங்கி, அதே கிளாஸில் ஊற்றி அண்ணாச்சியிடம் நீட்டினார். அண்ணாச்சி ஒரு தடவை காலண்டரின் முதுகைப் பார்த்தார். வாங்கிக் குடித்தார்.

கண் பிதுங்கியது. மூக்கு விடைத்தது. உதடு ஒரு பக்கம், தாடை ஒரு பக்கம்.

விழுங்கி முடித்த பிறகு அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். குதித்து எழுந்தார்.

“ஏட்டி, இதுவும் அதே மாதிரில்லா இருக்கு! நம்ம சரக்கும் இவரு சரக்கும் ஒண்ணுதான்!”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை எடுத்தார். ஒன்றில் ஜாடியிலிருந்தும் ஒன்றில் பாட்டிலிலிருந்தும் ஊற்றி, நேராக என்னிடம் கொண்டுவந்தார். “யம்மா, நீ ரெண்டையும் குடிச்சுட்டுச் சொல்லு.”

குடித்தேன். முதலாவது எனக்குப் பழக்கமானது. இரண்டாவதை எப்படிச் சொல்வேன்? நாக்கில் பட்டதும் என் தலைக்குள் யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். இப்படி ஒரு வஸ்து உலகத்தில் இருப்பது தெரியாமலே நான் கிழவியாகியிருப்பேன். கண்ணை மூடினேன், புருவத்தைத் தூக்கினேன்.

“ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி.”

நான் சொன்னது என்ன என்று சம்பந்தி மருமகளிடம் கேட்டார். அவள் தயங்கித் தயங்கி அவர் பாஷையில் சொன்னாள். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். மகன் பிறந்த வருடத்திலிருந்து காத்துவந்த ஒயின், ஜாடிக்குள் மிதக்கிற உளுந்து, எதிரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிற அண்ணாச்சி, எல்லாவற்றையும் பார்த்தார். அப்புறம் ஆமாம் என்று பெரிதாகத் தலையை ஆட்டினார்.

“யா, யா” என்றார். எழுந்து வந்து அண்ணாச்சியைக் கட்டிக்கொண்டார்.

அண்ணாச்சி அவர் தோளுக்கு மேலாக அக்காவைப் பார்த்து, “எல்லாருக்கும் இன்னொரு டம்ளர் ஊத்து” என்றார். அக்கா ஜாடியைத் தூக்கினார். வாசலில் நின்ற மூன்றாம் மாடிக்காரர் மாலையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். நான் டம்ளரை நீட்டினேன்.